ஜோசி ஏய்ரியையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1990 தேர்தல், ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவி என்று நன்றாகவே போகிறது. ஆனால் அதற்கு முந்தைய இருபது வருஷத்தை 'சட்டப் பேராசிரியராகவும் இருந்தார்' என்று அரை வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். நாற்பது வருஷமாகக் கோர்ட் படி ஏறி இறங்குகிறவன் நான். அந்த அரை வரி உறுத்தியது.

டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் குற்றவியல் சட்டத்துக்கான ரீட் பேராசிரியராக 1969-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. மேயோ பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கத்தோலிக்கப் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் சேரவே டப்ளின் பேராயரின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. அதே வருஷம் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து மேலவைக்கும் போனார். கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த, இரண்டு சக உறுப்பினர்களோடு மசோதா கொண்டுவந்தார். விவாதம் என்ன, முதல் வாசிப்புக்கே இடமில்லை என்றுவிட்டது சபை. வசைக் கடிதங்கள்தான் வந்து குவிந்தன.

சபையில் நடக்காததைக் கோர்ட்டில் நடத்திப் பார்த்தார். எனக்குப் பிடித்தது ஜோசி ஏய்ரி வழக்கு. கார்க் நகரத்துப் பெண், நான்கு பிள்ளைகள். அடித்த குற்றத்துக்காகக் கணவனுக்கு 1972-இல் தண்டனையாகி அபராதமும் விழுந்தது. விவாகரத்துக்கு அன்று அந்த நாட்டு அரசியல் சாசனமே தடை. பிரிந்து வாழ மட்டும் ஐகோர்ட் உத்தரவு கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு, எதிர்த்தரப்பு மல்லுக்கு நிற்காவிட்டாலே 500 முதல் 700 பவுண்டு. ஜோசியின் கைக்கு வந்த வாரக்கூலியோ 1978 கடைசியில் 39 பவுண்டு 99 பென்ஸ். எந்த வக்கீலும் கிடைக்கவில்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அயர்லாந்து அரசு என்ன வாதாடியது தெரியுமா? கோர்ட் கதவு திறந்துதானே இருக்கிறது, அந்தம்மா பார்ட்டி இன் பெர்சனாக, அதாவது வக்கீல் இல்லாமல் தானே வந்து வாதாடட்டும் என்றது! நம் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில், கைக்குட்டையில் முடிந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு "நானே பேசிக்கிறேன் சார்" என்று சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதும் அவர்களுக்கு நாக்கு எழாது. ஜோசிக்காக வாதாடியவர் ராபின்சன். 1972 முதல் 1978 வரை இந்த உத்தரவு கேட்டுப் போன 255 பேரில் வக்கீல் இல்லாமல் போனவர் ஒருவர்கூட இல்லை என்ற கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, கைக்கு எட்ட வேண்டும் என்ற பொருளில் 1979 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மறு வருஷம் அயர்லாந்தில் அரசின் சட்ட உதவி மையங்கள் திறந்தன. நம் சாசனத்தின் வழிகாட்டு நெறிகள் அவர்களிடமிருந்து எடுத்தவை. அந்தப் பகுதியில் நாம் 1976-லேயே இலவசச் சட்ட உதவியை 39ஏ என்று சேர்த்துக்கொண்டோம். எடுத்த இடத்தில், சிவில் வழக்கென்றால் அன்று அது கிடையாது!

அடுத்தது டேவிட் நோரிஸ் வழக்கு. அவரும் டிரினிட்டி ஆசிரியர்தான். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 1861, 1885 சட்டங்களை, நம்முடைய பழைய 377-ஆம் பிரிவின் பங்காளிகளை, எதிர்த்துப் போனார். அயர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் 1983-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோல்வி. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1988-இல் எட்டுக்கு ஆறு என்று வெற்றி. இரண்டு இடத்திலும் அவர் தரப்பு வக்கீல்களில் ராபின்சன் உண்டு.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 'அதிபரானதும் சட்டங்களை மாற்றினார்' என்று எழுதியிருப்பது சரியில்லை. அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் ஏறக்குறைய நம்மவர் மாதிரிதான். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், தலைவர் கையெழுத்திடுவார். நோரிஸ் வழக்கின் பலனாக 1993-இல் வந்த மசோதா அவர் மேசைக்குத்தான் போனது என்பது உண்மை. ஆனால் அது அங்கே வந்துசேர உழைத்தவர் வக்கீல் ராபின்சன்.

கடைசியாக ஒரு தகவல் பிழை. 'நின்ற தேர்தல்களில் எல்லாம் வென்றவர்' என்கிறது கட்டுரை. கீழவைக்கு 1977-இலும் 1981-இலும் நின்று தோற்றவர் அவர். 1990-இலும் முதல் விருப்ப வாக்குகளில் முந்தியிருந்தவர் எதிர்த்து நின்ற பிரையன் லெனிஹன். மூன்றாவதாக வந்தவருக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பம்தான் ராபின்சனைக் கரையேற்றியது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் வாசகர்,
திருநெல்வேலி