ஊருணித் திருப்பணி முடிந்தது: தண்ணீர்க் கணக்கு

தலைக்கட்டு வரி கொடுத்த உள்ளூர்க்காரர்களுக்கும், திருப்பூரில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் பணம் அனுப்பிய சொந்தங்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். அய்யனார் கோயில் ஊருணியைத் தூர்வாரி, கரைக்குக் கல் கட்டி, வரத்துக்காலையும் திருத்தி முடித்துவிட்டோம். ரூபாய்க் கணக்கு ரசீதுகளோடு கோயில் மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. இங்கே தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறோம், ஏனென்றால் "இன்னும் ஆழமாக வெட்டியிருக்கலாமே" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

முதலில் ஊருக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்தோம். வரிப்புள்ளியை, அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் சரிவராது, வரி விலக்குப் பெற்ற வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் வீடு வீடாகத் தலையை எண்ணினோம், 900 பேர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள், அது குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் 10 லிட்டர் போதும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நான்கு குடம். ஊருக்கு நாளொன்றுக்கு 9,000 லிட்டர், தை முதல் புரட்டாசி வரை 270 நாளைக்கு 24 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

அப்புறம்தான் வெயில் கணக்கு வந்தது, அதைப் பார்த்து நாங்களே அசந்துபோனோம். ஊருணி நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு 3,000 சதுர மீட்டர். நம் இராமநாதபுரத்து வெயிலுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வற்றுவதாக வைத்தால்கூட 15,000 லிட்டர், அதாவது ஊரே குடிப்பதைவிட அதிகம்! மட்டம் இறங்க இறங்கப் பரப்பு சுருங்கும் என்பதால் 270 நாளைக்கு 27 லட்சம் என்று வைத்தோம். இரண்டும் சேர்ந்து 51 லட்சம். சரிவுக் கரையைக் கழித்துவிட்டு ஊருணி கொள்வது ஏறக்குறைய 60 லட்சம். குடிக்கச் சமைக்க மட்டும் எடுத்தால் ஐப்பசி மழை வரை தாங்கும், எல்லாத் தேவைக்கும் 55 லிட்டர் வீதம் இறைத்தால் சித்திரையைத் தாண்டாது. குளிக்கத் துவைக்க உப்புக் கரித்தாலும் போர் தண்ணீர் இருக்கிறது, குழாயில் காவிரித் தண்ணீரும் வருகிறது. ஊருணியில் அதற்கெல்லாம் இறங்க வேண்டாம்.

ஆழத்துக்கு வருவோம். சோதனைக் குழி போட்டு மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டினோம், நூல் போல உடையாமல் நீண்டது, நல்ல களிமண். ஆனால் வடகிழக்கு மூலையில் ஒரு முழம் கீழே போனதுமே நரநரவென்று மணல் தட்டியது. ஒப்பந்தக்காரர் இன்னும் தோண்டிச் சவுடு எடுக்கக் கேட்டார், நாங்கள் விடவில்லை. களிமண் படுகையை உடைத்தால் நிறைகிற தண்ணீர் எல்லாம் அப்படியே கீழே இறங்கிவிடும். மணல் தெரிந்த இடத்தில் களிமண்ணைக் கொட்டி, நனைத்து, மிதித்து இறுக்கி மூடியிருக்கிறோம்.

நிறையுமா என்று கேட்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவத்தில் 450 மில்லிமீட்டர் பெய்தால் ஊருணி மேல் நேராக விழுவது 13 லட்சத்துக்கு மேல். மீதி 46 லட்சம் தாய்க்காட்டில் இருந்து, அதாவது ஊருணிக்கு மழைத் தண்ணீர் வடிந்து வரும் நிலத்தில் இருந்து ஓடி வர வேண்டும். பெய்கிற மழையில் 15 சதவீதம் ஓடி வந்தால் 17 ஏக்கர் போதும், மழை பாதியானால் 40 ஏக்கரும் வேண்டும், அதனால்தான் தாய்க்காடு முழுவதும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் செலவழித்தோம். அது மறுபடி முளைக்கும். வருடா வருடம் ஆடியில் எல்லாரும் கைகொடுக்க வேண்டும்.

படித்துறையில் இரும்புக் கம்பி நட்டு, ஒரு மீட்டர் மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அதற்குக் கீழே போனால் வீட்டுக்கு இரண்டு குடம்தான். பங்குனித் திருவிழா அன்னதானத்துக்குச் சமையல் தண்ணீர் மட்டும் இங்கே எடுக்கலாம், பாத்திரம் கழுவ டேங்கர். முதல் மழைத் தண்ணீரை ஊருணிக்குள் விடாமல் திருப்பிவிட்டு, இரண்டாவது மழைக்குத்தான் மடை திறக்க வேண்டும், இந்த வருடம் மேலத்தெரு முறை.