வாசிப்பு நேரத்தில் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்

தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, எந்நேரமும் போன்தான் என்று நீங்களும் சொல்கிறீர்கள், பெற்றோராகிய நாங்களும் சொல்கிறோம். போனை விடுங்கள், கதைப் புத்தகத்தை நாம் எப்படிக் கொடுக்கிறோம் என்று கொஞ்சம் பேசலாம்.

ஒரு பிள்ளை கதை படிக்கிறது. யானை வழுக்கி விழும் படம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்தில் இருப்பவனைத் தட்டிக் காட்டுகிறது. கதை முடிந்ததும் கையில் ஒரு தாள் வந்து விழுகிறது: ஆசிரியர் பெயர், கதாபாத்திரங்கள், ஐந்து கடினச் சொற்கள், கதை உணர்த்தும் நீதி. அடுத்த வாரம் அதே பிள்ளை அலமாரி முன்னால் நின்று, இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகத் தேடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். படித்தால் எழுத வேண்டியிருக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பரிசு கொடுத்தால் சரியாகிவிடுமா? 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் மழலையர் பள்ளியில் செய்த ஒரு சோதனை இருக்கிறது. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். அப்புறம் சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தால், அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை அப்படிக் குறையவில்லை. வரைவது வேறு, வாசிப்பது வேறுதான். ஆனாலும் இத்தனை புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம் என்று சுவரில் அட்டை ஒட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையிடம் ஆசையை மட்டும் எதிர்பார்க்க முடியாது என்பதும் தெரியும். அந்தப் பயிற்சியைத் தனியாக, பொறுமையாகக் கொடுங்கள். கூடவே, அந்தப் பிள்ளையால் இப்போதைக்குத் தானாகப் படிக்க முடியாத நல்ல கதைகளை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் தாமாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பல வருடங்களுக்கு அதிகமாகவே இருக்கும். படிக்கக் கற்றுக்கொண்டதும் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம், வீட்டிலும் இதே கதைதான். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். கிழிந்துவிடும் என்று பூட்டி வைக்கும் அலமாரி முதல் விதியிலேயே தோற்றுவிடுகிறது. சித்திரக்கதையோ கிரிக்கெட் புத்தகமோ பேய்க்கதையோ, பிள்ளையே எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் வைக்கட்டும், பிடித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கட்டும்.

நான் கேட்பது வாரத்துக்கு ஒரு பாடவேளை. தாள் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், தேர்வு நெருங்கினாலும் அதைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீங்களும் திருத்த வேண்டிய நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் படியுங்கள். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்ச, கதையைச் சொல்லு பார்ப்போம்" என்று குறுக்குவிசாரணை செய்யாமல் இருப்பது பெற்றோராகிய எங்கள் பொறுப்பு.