ஜார்ஜ் பென்சனை ஒதுக்கிவைத்த ஜாஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜாஸ் விமர்சகர்களுக்கும் மூத்த ரசிகர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜார்ஜ் பென்சன் பேச்சை எடுத்தாலே, ஜாக் மெக்டஃபின் ஆர்கனோடு வாசித்த காலத்தையும், 1968இல் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் ஆல்பத்தில் வாசித்ததையும் சொல்லி உருகுகிறீர்கள். 1980இல் குவின்சி ஜோன்ஸ் தயாரித்த, அவர் பாப் பாட்டுப் பாடிய ‘கிவ் மீ தி நைட்’ ஆல்பத்துக்கு வந்ததும் முகம் சுளிக்கிறீர்கள். நல்ல கலைஞன் காசுக்கு விலைபோய்விட்டான் என்கிறீர்கள். பல வருடமாக கிட்டாரும் கையுமாக இருக்கிற எனக்கு இதைக் கேட்டால் மனசு ஆறவில்லை.

பாட்டு அவருக்கு நடுவில் வந்த ஆசை அல்ல. பிட்ஸ்பர்க் தெருக்களில் உகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடிய பையன் அவர். 1954இல், பத்துப் பதினோரு வயதில், முதல் இசைத்தட்டு வந்ததே பாடகராகத்தான். ஜாஸ் கிட்டார் அதற்குப் பிறகு வந்தது. 1976இன் ‘ப்ரீஸின்’ ஆல்பத்தில் ஆறு உருப்படி. பாடியது ஒன்றே ஒன்றில். ஆண்டின் சிறந்த ரெக்கார்டுக்கான கிராமி அந்த ஒன்றுக்குத்தான் கிடைத்தது. அதன் பிறகும் அவர் வாயை மூடிக்கொண்டு வாசித்திருக்க வேண்டுமா?

நீங்கள் வழவழப்பு என்று தள்ளும் அந்த 1980 ஆல்பத்தில் ‘மூடிஸ் மூட்’ இருக்கிறது. ஜேம்ஸ் மூடி 1949இல் வாசித்த சாக்ஸபோன் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, எடி ஜெஃபர்சன் வார்த்தை போட்டது. அந்த நெளிவு சுளிவையெல்லாம் பென்சன் பாடுகிறார். ஜாஸ் பாடகருக்கான கிராமியும் வாங்கினார். ஜாஸை விட்டு ஓடியவர் செய்கிற வேலையா இது?

தலைப்புப் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ராட் டெம்பர்டன் எழுதியது. பென்சன் கிட்டாரில் எடுக்கும் ஸ்வரங்களை அதே நொடியில் வாயாலும் பாடுவார். நான் வீட்டில் முயன்று பார்த்தேன். மெதுவாக வாசித்தால் வருகிறது. வேகம் கூட்டியதும் விரல் பழகிய பாதையிலேயே ஓடுகிறது, குரல் பின்தங்கிவிடுகிறது. பாட முடியாத ஸ்வரத்தை விரல் சும்மா வாசித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. பென்சனிடம் அந்த இடைவெளியே இல்லை. பாப் பாட்டில் அவருக்குக் கிடைப்பதோ கொஞ்சம் இடம்தான். ஐந்து நிமிட சோலோவில் சுற்றி வளைத்துச் சொல்வதை அங்கே நாலு வரியில் சொல்லியாக வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமான வேலையாகப் படுகிறது.

2009இல் அமெரிக்க தேசியக் கலை நிதியமே அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ பட்டம் கொடுத்துவிட்டது. நீங்களும் கொஞ்சம் இறங்கி வாருங்கள். கிட்டார் கற்கும் பிள்ளைகளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கும்போது 1976ஓடு கோடு போட்டு நிறுத்தாதீர்கள். அடுத்த வரியில் ‘கிவ் மீ தி நைட்’ ஆல்பத்தையும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கிட்டார் மாணவன்