யாருடைய சர்வர் இது?

அன்புள்ள பாஸ்கருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே சின்னவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் வேண்டாமாம். என்னைப் பார்த்தே பயந்துவிட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயம். லைசென்ஸ் தணிக்கை வருவதால் கம்பெனியில் எங்கெல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடுகிறது என்று பட்டியல் கேட்கிறார்கள். நெட்வொர்க்கில் ஒரு ஸ்கேன் போட்டால் வேலை முடிந்தது என்கிறார் உன் மேனேஜர். முடியாது. நாங்களும் இதைத்தான் இந்த வருடத் தொடக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

எஸ்க்யூஎல்சிஎம்டி கட்டளையில் 'எல்' சுவிட்ச் போட்டால் ஒரு பட்டியல் வரும், பார்க்கத் திருப்தியாகவே இருக்கும். ஆனால் அது பிராட்காஸ்ட் செய்து, அதாவது எல்லோருக்கும் பொதுவாகக் கூவிக் கேட்கிறது; சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கின் அந்த ஒரு பகுதியைத் தாண்டாது. பதில் சொல்வது எஸ்க்யூஎல் சர்வரோடு வரும் 'பிரவுசர்' சர்வீஸ், யுடிபி 1434 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்). அதை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் சர்வர் இருந்தும் இல்லாத கணக்குதான். எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான போர்ட்டான டிசிபி 1433-ஐத் தட்டிப் பார்ப்பதும் போதாது. நேம்டு இன்ஸ்டன்ஸ்கள், அதாவது தனிப் பெயர் வைத்து நிறுவியவை, வழக்கமாக டைனமிக் போர்ட்டில் (நிலையான எண் இல்லாதது) உட்காரும். இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனில் டிசிபி இணைப்பு முதலிலேயே அணைத்துத்தான் வருகிறது. வெளியிலிருந்து எத்தனை தட்டினாலும் திறக்காது.

ஆகவே மெஷினுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விண்டோஸ் மெஷினிலும் 'எம்எஸ்எஸ்க்யூஎல்' என்று தொடங்கும் சர்வீஸ்களைப் பவர்ஷெல் ஸ்கிரிப்டில் எடு. ஆக்டிவ் டைரக்டரியில் (கம்பெனி மெஷின்கள், பயனர்களின் மையப் பதிவேடு) பதிவான எஸ்பிஎன்களையும், அதாவது சர்வீஸ்களின் பெயர்களையும் எடு. செத்துப்போன சர்வர்களின் பெயரும் அதில் கிடக்கும், பரவாயில்லை. இரண்டையும் ஸ்கேனோடு ஒப்பிட்டால் எதில் எது விடுபட்டது என்று தெரியும்.

எங்கள் எடை மேடை அறையில் மேசைக்கடியில் ஒரு பழைய பிசி. தூசி படிந்து, மேலே டீ கிளாஸ் வைத்த வட்டங்களோடு. லாரி எடை முழுக்க அதிலிருந்த எக்ஸ்பிரஸில்தான் ஏறிக்கொண்டிருந்தது. எடை மென்பொருள் போட வந்தவர் கூடவே அதையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எஸ்க்யூஎல் சர்வர் தன் குறிப்புகளை வைக்கும் எம்எஸ்டிபி-யில் பேக்கப் விவரம் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. எக்ஸ்பிரஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'ஏஜென்ட்' கிடையாது, தானாக ஒன்றும் நடக்காது. இத்தனைக்கும் பில்லிங் முழுவதும் அந்த எடையை நம்பித்தான்!

2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கம்ப்யூட்டர் புழு பரவியது நினைவிருக்கிறதா? அதுவும் இதே 1434 வழியாகத்தான் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு (பேட்ச்) ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் வேறு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த எம்எஸ்டிஇ (எக்ஸ்பிரஸுக்கு முன்னோடி) தங்கள் மெஷினில் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததற்கு யார் ஒட்டுப் போடுவார்கள்?

பட்டியலில் வெர்ஷன், எடிஷன், பிராசஸர் கோர் எண்ணிக்கை எல்லாம் ஸ்கிரிப்டே நிரப்பிவிடும். எடிஷனைக் கவனி: டெவலப்பர் எடிஷன் இலவசம்தான், ஆனால் நிஜ வேலைக்கு ஓட்டக் கூடாது. தணிக்கையில் மாட்டுவது அங்கேதான். 2012 வெர்ஷனுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2022 ஜூலையிலும், 2014-க்கு 2024 ஜூலையிலும் முடிந்துவிட்டது. அவற்றைத் தனி நிறத்தில் காட்டு.

எந்த ஸ்கிரிப்டும் நிரப்பாத நெடுவரிசை ஒன்றுதான்: இது யாருடையது? என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் பட்டியல் அல்ல, வெறும் பிரிண்ட் அவுட். அதற்கு நடந்துபோய்த்தான் கேட்க வேண்டும். 'எங்களுடையது இல்லை' என்று எல்லாத் துறையும் சொல்லும். நிறுத்திவிடட்டுமா என்று கேள், சொந்தக்காரர் உடனே வந்து நிற்பார். நிஜமாகவே நிறுத்துவதாக இருந்தால் மாதக் கடைசியைத் தாண்டவிடு. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் ரிப்போர்ட்கள் உண்டு. அதுவரை யார் யார் லாகின் ஆகிறார்கள் என்று மட்டும் பதிவு செய்துகொண்டிரு.

எங்கள் எக்செல் மாதிரியை அனுப்புகிறேன். அதில் பாஸ்வேர்டுக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதே. ஸ்கேன் போடும் முன் நெட்வொர்க் டீமிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் உன்னையே வைரஸ் என்று பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
சேகர்