பிடி படகு மாதிரி: உருவம் சரி, பருமன்தான் இடிக்கிறது

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிடி (PT) எனும் அமெரிக்க டார்பிடோ ரோந்துப் படகின் மாதிரி செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தோம். நல்ல முயற்சி. ஆனால் உடலில் பலகை மூட்டுகளைக் கீறிக் காட்டச் சொன்னதும், பிடி-109 படகில் 40 மி.மீ. பீரங்கியைப் பொருத்தியதும் தவறு.

நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் எல்கோ நிறுவனம் கட்டிய 80 அடிப் படகு அது. ஓர் அங்குல மகாகனிப் பலகையைச் சாய்வாக இரண்டு அடுக்கு அடித்து, நடுவே பசையில் ஊறிய கித்தான் வைத்து, மேலே பெயின்ட் பூசியிருப்பார்கள். 1:35 அளவில், அதாவது அசலில் 35-ல் ஒரு பங்கான மாதிரியில், 0.2 மி.மீ. கீறல் போட்டால் அசலில் அது 7 மி.மீ. இடைவெளி. அப்படி ஒரு படகு துறைமுகத்தைத் தாண்டாது.

109-ஐ 1943 ஆகஸ்ட் 2 அன்று சாலமன் தீவுகளின் பிளாக்கெட் ஜலசந்தியில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அமகிரி மோதி உடைத்தது. அன்று அதில் இருந்தவை நான்கு டார்பிடோ குழாய்கள், இரண்டு இரட்டை .50 பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள், பின்னால் ஒரு 20 மி.மீ. ஓர்லிகான் பீரங்கி. முன்தளத்தில் ஒரு 37 மி.மீ. டாங்கி எதிர்ப்பு பீரங்கியை மரக்கட்டைகள் மேல் கட்டிவைத்திருந்தார்கள். குழாயே இல்லாமல் தாங்கியிலிருந்து உருட்டிவிடும் மார்க் 13 டார்பிடோ பிந்தைய படகுகளுக்கு உரியது, 109-க்கு ஆகாது.

கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டியில் வரும் பாகங்களில் உருவம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், பருமன்தான் இடிக்கும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை ஓர் அளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது. ஓர் அங்குலக் குழாய் 1:35-ல் 0.73 மி.மீ., 1:72-ல் 0.35 மி.மீ. மட்டுமே. ஆகவே கைப்பிடிக் கம்பிகளை வெட்டியெறிந்துவிட்டு 0.7 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்வதே மேல். 1:72-க்குப் பல இழை மின்வயரில் கிடைக்கும் செம்பு இழை போதும். இழையின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் குறடால் பிடித்து, லேசாக நீளும் வரை இழுத்தால் நேராவதோடு விறைப்பும் ஏறும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

இணைப்புகளுக்குப் பற்றவைப்புதான் சரி. சூப்பர் குளூ ஒட்டு கைபட்டால் உடைகிறது. கம்பிகளைப் படகில் வைத்துச் சூடு காட்டினால் தளம் உருகிவிடும். மரத்துண்டில் தூண்களின் இடைவெளியைக் குறித்துத் துளையிட்டு, அதில் கம்பிகளை நட்டுப் பற்றவைத்து முடித்தபின் படகுக்கு மாற்றுங்கள். பற்று பிடிப்பதற்காகத் தடவும் அமிலப் பிளக்ஸ் வைத்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்; கழுவாவிட்டால் சில மாதங்களில் பெயின்டுக்கு அடியில் பச்சை பூக்கும். பித்தளைக்கு மெட்டல் பிரைமர் இல்லாமல் பெயின்ட் நிற்காது.

துப்பாக்கிக் குழலுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சு ஊசியிலேயே வழி இருக்கிறது. 21 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.8 மி.மீ.; 1:35 பிரௌனிங் குழலுக்குக் கச்சிதம். 1:72-க்கு 27 கேஜ். கட்டரால் நறுக்கினால் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். தட்டையான பரப்பில் ஊசியை உருட்டிக்கொண்டே முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு ஒடிக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

1:35-ல் துப்பாக்கிக் கூண்டின் சுவர் 2 மி.மீ. என்றால் அசலில் 7 சென்டிமீட்டர். முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரிவாகச் சுரண்டினாலே போதும், பார்க்கிறவர் கண் விளிம்போடு நின்றுவிடும். மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள் 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளை ஓர் உருளையில் சுற்றி டேப் ஒட்டி, கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம், பிறகு குளிர்ந்த நீரில் முக்கினால் வளைவு அப்படியே நிற்கும். அடுப்பில் கொதிக்கும்போதே போட்டால் தாள் நெளிந்துபோகும். காற்றுக் குழல்களின் வாய் அடைத்தே வரும். குடையும் முனையான சிறிய உருண்டை பர்ரால் குடையுங்கள். பர், டிரில்லைக் கையால் பிடித்துச் சுழற்றும் பின்வைஸ், 0.5 மி.மீ. டிரில் எல்லாம் நகைப்பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன.

ஏரியல் கம்பிக்கு, பெட்டியில் பாகங்களைத் தாங்கிவரும் சட்டத்தின் பிளாஸ்டிக்கை மெழுகுவத்தியில் காட்டி இழையாக இழுத்து ஒட்டலாம். தொய்வு இருந்தால் எரியும் ஊதுபத்தி முனையை அருகே கொண்டுபோங்கள், தானே இறுகும். பட்டுவிட்டால் அறுந்தது அறுந்ததுதான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதியில் வரைபடம் வெளியிடும்போது விகிதத்தை மட்டும் அச்சிடாமல், பக்கத்திலேயே பத்து அடியைக் குறிக்கும் அளவுக்கோடு ஒன்றையும் போடுங்கள். இடத்துக்காகப் படத்தைச் சுருக்கினாலும் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும். படிப்பவர் சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

– மாதிரிக்கலை ஆர்வலர்கள் சிலர்,
கோயம்புத்தூர்