டாலி அம்மாவுக்கு, மன்ரோ தெருவிலிருந்து

அன்புள்ள டாலி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதென்றால் நியூ ஜெர்சியில் நம் ஹோபோக்கன் ஊரின் ரிவர் தெரு தபால் அலுவலகத்தில்தான் போட வேண்டும். அதற்கு உங்கள் மகன், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் பெயர். ஆற்றங்கரைச் சாலைக்கும் அவர் பெயர், அதை ஒட்டிய பூங்காவுக்கும் அவர் பெயர். 2008-இல் அவர் முகம் போட்ட தபால்தலைகூட வந்தது. எல்லாம் இருக்கிறது, உங்கள் முகவரிதான் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஆடம்ஸ் தெருவுக்கு மொஸரெல்லா சீஸ் வாங்கப் போயிருந்தேன். அந்தக் கடை வரிசையில் நின்று வாங்கினால், பை கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே மூன்று தெரு மேற்கே நடந்தால் மன்ரோ தெரு. 415-ஆம் எண் முன்னால் நடைபாதையில் ஒரு வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அன்றைக்கு அதன்மேல் ஈர இலைகள் ஒட்டிக்கிடந்தன. செருப்புக் காலால் தள்ள மனசு வரவில்லை. குனிந்து கையால் ஒதுக்கினேன். பக்கத்தில் நாயோடு நின்ற ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் ஊர் வழக்கத்தில் அது தரை, அவ்வளவுதான்.

ஃபிரான்சிஸ் ஆல்பர்ட் சினாட்ரா, 'தி வாய்ஸ்', 1915 டிசம்பர் 12 அன்று இங்கே பிறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. ஊர் அருங்காட்சியகம் 1996-இல் பதித்தது. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். வீடுதான் இல்லை. நீங்கள் குடியிருந்த வீடு 1967-இலேயே எரிந்துபோய்விட்டது. உங்கள் வீட்டுக்காரர் மார்ட்டி இதே ஊரில் தீயணைப்புப் படையில் கேப்டனாக இருந்தவர் என்பதை நினைத்தால் சிரிப்பதா என்ன செய்வதா தெரியவில்லை.

எனக்கு உறுத்தியது அந்தப் 'பிறந்தார்' என்ற சொல்தான். ஏதோ அவராகவே நடந்து வந்து பிறந்த மாதிரி. உங்களுக்கு அன்றைக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. ஐந்தடிக்கும் குறைவான உயரம். வயிற்றில் இருந்தது 13.5 பவுண்டுக் குழந்தை என்கிறார்கள், நம் கணக்கில் ஆறு கிலோ. சமையலறை மேசையில் படுக்க வைத்து, கடைசியில் டாக்டர் ஆயுதம் போட்டு எடுத்தார். குழந்தைக்குக் காது, கன்னம், கழுத்து எல்லாம் கிழிந்தது. மூச்சில்லை. தாயையாவது காப்பாற்றுவோம் என்று டாக்டர் உங்கள் பக்கம் திரும்ப, உங்கள் அம்மாதான் பிள்ளையைக் குழாய்க்கு அடியில் பச்சைத் தண்ணீரில் பிடித்துத் தட்டி அழ வைத்தார். அந்தத் தழும்பும் செவிப்பறை ஓட்டையும் கடைசிவரை அவரோடு இருந்தன. உலகப்போருக்குப் பட்டாளத்தில் எடுக்காமல் விட்டதற்கும் அந்தக் காதுதான் காரணம். உங்களுக்கோ அதன் பிறகு பிள்ளையே இல்லை.

ஆக, அந்த இடத்தில் இரண்டு பேர் செத்துப் பிழைத்தார்கள். நட்சத்திரம் ஒருவருக்குத்தான்.

உங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு எங்கள் ஊர் வார்டு அரசியல் நினைவுக்கு வருகிறது. ஜெனோவா பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர் நீங்கள். சிசிலிக்காரரைக் கட்டிக்கொள்ள வீட்டில் ஒப்பவில்லை, ஓடிப்போய் 1913-இல் ஜெர்சி சிட்டியில் கல்யாணம். ஐரிஷ்காரர்கள் கையில் ஊர் இருந்த காலம். மார்ட்டிகூடக் குத்துச்சண்டை மேடையில் 'ஓ'பிரையன்' என்று ஐரிஷ் பெயரில்தான் ஏறினார். அந்த ஊரில் நீங்கள் மருத்துவச்சி, டெமாக்ரடிக் கட்சியின் வார்டு ஆள், கோர்ட்டில் இத்தாலியர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஓட்டு திரட்டித் தருவீர்கள், சிபாரிசு கேட்பீர்கள். மார்ட்டிக்குத் தீயணைப்பு வேலை கிடைத்ததும் அப்படித்தான். கருக்கலைப்பு செய்ததாக உங்கள்மேல் வழக்கும் வந்தது. கல்வெட்டுகளில் உங்கள் பெயர் இல்லாததற்கு அது ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேறு வழியில்லாமல் உங்கள் கதவைத் தட்டியவர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

அப்புறம், பையனை இன்ஜினியராக்கும் ஆசை. அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உள்ளூரிலேயே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி இருக்க, பையன் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டுவிட்டான். மார்ட்டி கொதித்தார். நீங்களும் முதலில் திட்டித் தீர்த்தீர்கள். ஆனால் பாட்டுத்தான் என்று அவன் நின்றதும் தெருவில் இறங்கியவர் நீங்கள். பாடிக்கொண்டிருந்த மூன்று உள்ளூர்ப் பையன்களிடம் பேசி இவனையும் சேர்க்க வைத்தீர்கள். அந்த நால்வர்தான் 'ஹோபோக்கன் ஃபோர்' என்று 1935-இல் வானொலிப் போட்டியில் ஜெயித்தார்கள். வார்டு ஓட்டுப் போலவே இதையும் முடித்துக் கொடுத்தீர்கள். ஸ்டீவன்ஸ் பட்டம் வராமல் போகவில்லை. 1985-இல் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். பார்க்க நீங்கள் இருவரும் இல்லை.

2021-இல் அவருடைய பிறந்தநாளன்று பூங்காவில் வெண்கலச் சிலை வைத்தார்கள். நல்ல சிலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே ஹட்சன் ஆறு, அதற்கப்பால் மன்ஹாட்டன் கட்டடங்கள், எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ அங்கே அவர் விருந்தாளி மாதிரித் தெரிகிறார். பல வருஷம் அவர் இந்த ஊர்ப் பக்கம் அதிகம் வரவும் இல்லை. 1984-இல் ஜனாதிபதி ரீகனோடு வந்தது எதற்குத் தெரியுமா? புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு. மாதாவைப் பெற்ற தாய்க்கு எடுக்கிற விழா. அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1977 ஜனவரியில், லாஸ் வேகஸில் மகன் கச்சேரியைப் பார்க்கக் கிளம்பிய நீங்கள், ஏறிய விமானம் மலையில் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இப்போது கலிஃபோர்னியா பாலைவனத்தில் நீங்கள், மார்ட்டி, மகன் மூவரும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறைகளில்.

வரும் டிசம்பர் 12 அன்று மன்ரோ தெருவுக்கு ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், சிமெண்டில், 'பெற்றவர்: டாலி' என்று எழுத வேண்டும். தமிழில்தான் எழுதுவேன், நாய்க்காரர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். டிசம்பர் ஆயிற்றே, மழையோ பனியோ சாயங்காலத்துக்குள் அழித்துவிடும்.

அன்புடன்,
நாலு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவள்