சைகோன் பங்காளிக்கு

திருநகர், மதுரை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முட்டி வலி விட்டபாடில்லை. சின்னவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. இனி அவளும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்சுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒருத்தி.

வியட்நாம் இவ்வளவு வேகமாக முன்னேறியதற்குத் துறைமுகமும் நெடுஞ்சாலையும்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் ஒப்புக்கொள்வேன். நமக்கும் நாலுவழிச் சாலை வந்து வருஷக்கணக்காகிறது. சரக்கு சீக்கிரம் போகிறது, வாஸ்தவம்தான். ஆனால் சரக்கை விட வேகமாகப் போனது நம் பிள்ளைகள். 1996-ல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கால் ஊன்றியபோது, அவர்களுக்குப் பாகம் செய்து தருகிற கொரியக் கம்பெனிகளும் கூடவே வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டன. அந்தக் கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல ரோடு போட்டாலும் அடுத்த கம்பெனி அங்கேதான் போகும். ஐ.டி.ஐ. முடித்த பையனும் அங்கேதான் போவான். என் பட்டறையில் சி.என்.சி. மிஷின் (கம்ப்யூட்டர் கட்டளையில் கடைகிற மிஷின்) ஓட்ட நல்ல ஆள் தேடி அலைகிறேன். தொழிலைப் பழகியதும் ஓசூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நீ இருக்கிற ஊரில் மாரியம்மன் கோயில் இருக்கிறது என்றாயே, அது நம் ஜனம் பிழைக்கப் போன காலத்துக் கோயில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் செட்டியார்கள் சைகோனிலும் கடை வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பணம் அதிகமாகப் புரண்டது பர்மாவில். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா பக்கத்தில் வந்துவிட்டது. ஐராவதிக் கழிமுகத்துக் காட்டை வெட்டி நெல் போட்டால் ஏற்றிவிடலாம் என்ற நிலை. காடு வெட்டுகிறவனுக்கு வெள்ளைக்கார பேங்க் கடன் கொடுக்காது, செட்டியார் கொடுத்தார். முன்னேற்றத்துக்கு வேண்டும் என்று சொல்லுகிற மூன்றுமே அங்கே இருந்தன: ரங்கூன் துறைமுகம், வெளியூர் மூலதனம், உலகச் சந்தை. அரிசி ஏற்றுமதியில் பர்மா உலகத்திலேயே முதலிடத்துக்கு வந்தது.

அப்புறம் 1930-களின் மந்தம். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஆறு சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது கால்வாசி. அவர்கள் கேட்டது பணத்தை, கிடைத்ததோ வயல். நிலம் இழந்தவனுக்கு வயிற்றெரிச்சல். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நம் ஜனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே ஓடி வந்தது. அத்தனை வருஷம் பணம் புழங்கியும், நெல்லை விளைவித்து ஏற்றி அனுப்பியதைத் தாண்டி அந்தக் கிராமங்களில் புதுத் தொழில் ஒன்றும் முளைக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். நம் பக்கத்தில் கருமுத்து தியாகராசர் மில்லோடு நிற்காமல் 1949-ல் கலைக் கல்லூரி, 1957-ல் பொறியியல் கல்லூரி என்று கட்டினார். அங்கே படித்த படிப்பில்தான் நீயும் நானும் சாப்பிடுகிறோம்.

பங்களாதேஷைப் பார். 1979-ல் தேஷ் என்ற கம்பெனி நூற்று முப்பது பேரை கொரியாவில் டேவூ ஆலைக்கு அனுப்பித் தையல் வேலை பழக்கியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷத்தில் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்கள். முதலாளிக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம்: போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஆலை வைத்தார்கள், இல்லையென்றால் வேறு ஆலைகளுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பத்மா ஆற்றின் மேல் கட்டிய பெரிய பாலம் திறந்தது 2022-ல். துணி ஏற்றுமதி அதற்கு முன்பே பெருகிவிட்டது.

உன் வியட்நாம் 1986-ல் கதவைத் திறந்தது, 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சாம்சங் வந்தது, செருப்பும் சட்டையும் தைத்த ஊரில் கைப்பேசி தயாராகிறது. ஆனாலும் ஏற்றுமதியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் வெளிநாட்டு முதலீட்டு ஆலைகளுடையதுதானே? உள்ளூர்ப் பட்டறைக்காரன் அதில் எவ்வளவு ஏறியிருக்கிறான் என்று நீ எழுதவே இல்லை.

ரோடும் ரயிலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மதுரை-போடி ரயில் லைனை அகலப்பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022-ல், போடிக்கு 2023-ல். அதற்காக ஏலக்காய் காத்திருக்கவில்லை, லாரியில் போய்விட்டது. மலிவு டிக்கெட்டில் போய் வந்த ஜனம்தான் திண்டாடியது. அந்தப் பக்கம் இலங்கையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்கள், எதிர்பார்த்த அளவு கப்பல் வரவில்லை, 2017-ல் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகை. அதே நாட்டில் கொழும்புத் துறைமுகம் நெரிசலில் திணறியதும் உண்டு. தூத்துக்குடியில் ஏறுகிற நம் கண்டெய்னரிலும் நிறைய அங்கே போய்த்தான் பெரிய கப்பல் மாறுகிறது.

தூத்துக்குடி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஊர் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் அங்கே மின்சாரக் கார் ஆலை திறந்தார்கள். அதன் முதலாளி ஆரம்பத்தில் உக்ரைனில் நூடுல்ஸ் விற்றுப் பணம் பார்த்தவர். நம் ஊர்ப் பணம் சைகோனுக்குப் போன காலம் போய், வியட்நாம் பணம் நம் கடற்கரைக்கு வந்திருக்கிறது. வருஷத்துக்கு 50,000 கார் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதைக்குப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள். என் பட்டறை இருக்கிற கப்பலூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த கேட்டுக்குள் என் சரக்கு போக வேண்டுமானால் கார் பாகம் செய்கிறவர்களுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றிதழ் வேண்டும், அளக்கிற கருவி வேண்டும், பில் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க நடைமுறை மூலதனம் வேண்டும். மில்லுக்கு ஸ்பேர் கடைந்து கொடுத்த பட்டறைக்கு இது பெரிய தாவல். ரோடு போட்டுத் தந்த அரசாங்கம் இதற்கும் கொஞ்சம் கை கொடுத்தால், கார் ஆலை வந்ததில் மதுரைக்கும் ஏதோ இருக்கும். இல்லாவிட்டால் நிலத்தின் விலை ஏறும், அவ்வளவுதான்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. ஹை ஃபாங் நகரத்தில் வின்ஃபாஸ்டின் மூல ஆலைக்குப் பாகம் கொடுக்கிற சின்ன உள்ளூர்க் கம்பெனி ஏதாவது இருக்கிறதா, எப்படி உள்ளே நுழைந்தார்கள், ஆள் பழக்கும் செலவை யார் ஏற்றார்கள் என்று விசாரித்து எழுது. பெரிய கம்பெனிக் கதை வேண்டாம், இருபது பேர் வேலை பார்க்கிற இடமாகப் பார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போட்டுவிடு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

அன்புடன்,
உன் பங்காளி